சாலையில் ஓட்டும் 350 எஞ்சினுக்கு எந்த சிலிண்டர் ஹெட் பொருந்தும்?

கேள்வி: நான் டெக்சஸ் மாநிலத்தில் ஹூஸ்டன் அருகே வசிக்கிறேன். 1972ஆம் ஆண்டு செவ்ரோலெ நோவா கார் ஒன்றை வாங்கி, அதன் 350 (கன அங்குல) எஞ்சினைப் பிரித்து வைத்திருக்கிறேன். பிளாக்கை 0.030 அங்குலம் போர் செய்து (சிலிண்டர் துளைகளை அகலமாக்கி), நான்கு வால்வுப் பள்ளங்கள் கொண்ட தட்டைத் தலைப் பிஸ்டன்கள் போட்டாயிற்று. பிஸ்டன் மேலே வரும்போது டெக்கிலிருந்து (பிளாக்கின் மேல்தளத்திலிருந்து) 0.025 அங்குலம் கீழே நிற்கிறது. கியர்பாக்ஸ் டர்போ 350 ஆட்டோமேட்டிக். பின் ஆக்சில் விகிதம் 3.08. ஏசி உண்டு. சுமார் 375 குதிரைத்திறன் கிடைத்தால் போதும். வார இறுதியில் ஓட்டவும், சில நாட்கள் அலுவலகம் சென்று வரவும் வேண்டும். பழைய ‘டபுள் ஹம்ப்’ ஹெட் ஜோடி ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. லாரியிலிருந்து எடுத்த வோர்டெக் ஹெட்டுகள் மலிவாகக் கிடைக்கின்றன. நண்பர்களோ 220 சிசி இன்டேக் போர்ட் (காற்று உள்ளே செல்லும் வழி) கொண்ட புது அலுமினியம் ஹெட்டையே வாங்கச் சொல்கிறார்கள். அது நிமிடத்துக்கு 300 கன அடிக்கு மேல் காற்று விடும் என்கிறார்கள். எதை வாங்குவது? நானே பொருத்தலாமா?

பதில்: அன்புள்ள ஐயா, போர், டெக் அளவு, ஆக்சில் விகிதம் ஆகிய மூன்றையும் தாங்களாகவே எழுதியிருப்பதால் ஊகமின்றிப் பதில் சொல்ல முடிகிறது. முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். 170 முதல் 180 சிசி வரை இன்டேக் போர்ட்டும், 64 சிசி எரியறையும், 2.02 அங்குல இன்டேக் வால்வும், 1.60 அங்குல எக்ஸாஸ்ட் வால்வும் கொண்ட அலுமினியம் ஹெட் உங்கள் காருக்குப் பொருத்தமானது. பணம் இடிக்குமானால், சோதித்து எடுத்த வோர்டெக் ஹெட் நல்ல இரண்டாவது தேர்வு. டபுள் ஹம்ப் ஹெட்டை விட்டுவிடுங்கள். 220 சிசி ஹெட்டை, அது எவ்வளவு தரமாகச் செய்யப்பட்டதாக இருந்தாலும், இந்தக் காருக்கு வாங்க வேண்டாம்.

காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். ஏனெனில், ஹெட் வாங்குவோரில் பலர் காற்றோட்ட எண்ணில் பெரியதைப் பார்த்துப் பணத்தைக் கொடுத்துவிட்டு, பிறகு அந்த ஹெட்டுக்கு ஏற்றபடி கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு), கன்வெர்ட்டர் (எஞ்சினை ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸோடு இணைப்பது), ஆக்சில் என்று ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போகிறார்கள். கடைசியில் கையில் இருப்பது அவர்கள் ஆசைப்பட்ட காராக இருப்பதில்லை.

முதலில் தேவையைக் கணக்கிடுவோம். ஹெட்டின் காற்றோட்டத்தை 28 அங்குல நீர் அழுத்த வேறுபாட்டில் அளந்து, அதை 0.257ஆல் பெருக்கி, சிலிண்டர்களின் எண்ணிக்கையாலும் பெருக்கினால், அந்த ஹெட் தாங்கக்கூடிய உச்சக் குதிரைத்திறன் ஏறத்தாழக் கிடைக்கும் என்பது எஞ்சின் கட்டுபவர்கள் நெடுநாளாகப் பயன்படுத்திவரும் கணக்கு. எட்டு சிலிண்டருக்கு இது காற்றோட்டத்தின் 2.06 மடங்கு. தாங்கள் கேட்கும் 375 குதிரைத்திறனுக்கு நிமிடத்துக்கு 182 கன அடி இருந்தாலே கணக்கு நேராகிவிடுகிறது. சாலையில் ஓட்டும் எஞ்சின் எதுவும் அந்த உச்ச வரம்பை எட்டுவதில்லை என்பதால் தாராளமாகக் கூட்டி 225 கன அடி என்று வைத்துக்கொள்வோம். அதுவே 460 குதிரைத்திறனுக்கு இடம் தருகிறது. நண்பர்கள் சொல்லும் 300 கன அடி 600 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட எஞ்சினுக்கு உரியது. போர் செய்த பிறகு 355 கன அங்குலமாகிவிட்ட உங்கள் எஞ்சின் அந்தத் திறனைத் தர வேண்டுமானால் நிமிடத்துக்கு 7000 சுற்றுக்கு மேல் சுழல வேண்டும். அதற்கான கிராங்க், ராடு, வால்வு ஸ்பிரிங், கேம் எல்லாமே வேறு வகை. ஆகவே காற்றுப் பற்றாக்குறை உங்கள் சிக்கலே அல்ல.

செவ்ரோலெ நிறுவனமே விற்றுவந்த இசட்இசட்4 என்ற முழு எஞ்சினை இதற்குச் சான்றாகக் காட்டலாம். அதுவும் 350தான். அதன் அலுமினியம் ஹெட்டுகளில் இன்டேக் போர்ட் 163 சிசி மட்டுமே, வால்வுகள் 1.94, 1.50 அங்குலம், எரியறை 58 சிசி, கம்ப்ரெஷன் (கலவை நசுக்கப்படும் விகிதம்) 10க்கு 1. கேம்ஷாஃப்டும் அடக்கமானது: 0.050 அங்குல லிஃப்டில் (லிஃப்டர் எழும் உயரத்தில்) அளந்த திறப்புக் காலம் இன்டேக் 208 டிகிரி, எக்ஸாஸ்ட் 221 டிகிரி. அந்த எஞ்சின் தந்தது 355 குதிரைத்திறன், 405 பவுண்டு-அடி முறுக்குவிசை. சிறிய போர்ட், சிறிய வால்வு, சரியான கம்ப்ரெஷன் ஆகியவை சேர்ந்தே தங்கள் இலக்கை ஏறத்தாழ எட்டியிருக்கின்றன. அதைவிடச் சற்றே பெரிய ஹெட்டும் சற்றே பெரிய கேமும் போதும் என்று நான் சொல்வது இந்த அடிப்படையில்தான்.

போர்ட் பெரிதாக இருந்தால் என்ன நட்டம், தேவைக்கு மேல் இருப்பது நல்லதுதானே என்று கேட்கத் தோன்றும். நட்டம் உண்டு. பிஸ்டன் இழுக்கும் காற்றின் அளவு மாறாமல் போர்ட்டின் குறுக்களவு மட்டும் கூடினால், காற்றின் வேகம் அந்த அளவுக்குக் குறைகிறது. வேகம் இருக்கும்போது காற்றுக்கு ஓர் உந்தம் இருக்கிறது. பிஸ்டன் கீழே சென்று திரும்பி மேலேறத் தொடங்கிய பிறகும், இன்டேக் வால்வு மூடும்வரை அந்த உந்தமே காற்றை உள்ளே திணிக்கிறது. வேகம் குறைந்தால் அந்தத் திணிப்பு நின்றுபோய், குறைந்த சுற்றில் உள்ளே வந்த கலவையில் ஒரு பகுதி மேனிஃபோல்டுக்கே திரும்புகிறது. கார்புரேட்டர் எஞ்சினில் இன்னொரு கெடுதலும் சேர்கிறது. அகன்ற வாய்க்காலில் மெதுவாக ஓடும் நீர் வண்டலை வழியிலேயே படியவிட்டுப் போவது போல, மெதுவாகச் செல்லும் காற்று பெட்ரோல் துளிகளைப் போர்ட்டின் சுவரில் படியவிடுகிறது. அதன் பிறகு ஐடிலில் எஞ்சின் தடுமாறும், மிதியை அழுத்தினால் ஒரு கணம் தயங்கும், மைலேஜும் குறையும்.

இதைத் தங்கள் காரோடு பொருத்திப் பாருங்கள். 3.08 ஆக்சிலும் 26 அங்குல உயர டயரும் இருந்தால் மணிக்கு 65 மைல் வேகத்தில் எஞ்சின் 2600 சுற்றில்தான் ஓடும். நகருக்குள் 1500 முதல் 3000 சுற்றுக்குள்தான் அதன் வாழ்க்கை கழியும். நிறுவனம் பொருத்திய கன்வெர்ட்டர் 2000 சுற்றுக்கும் கீழேயே பிடித்துக்கொள்ளும். உச்ச சுற்று என்பது ஓரிரு வினாடிகள் தொட்டுவிட்டு வரும் இடம். அந்த ஓரிரு வினாடிகளுக்காக மற்ற நேரமெல்லாம் மந்தமான காரை ஓட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை.

போர்ட்டின் கொள்ளளவு என்பது ஓர் அடையாளம் மட்டுமே. உண்மையில் பார்க்க வேண்டியது அதன் மிக ஒடுங்கிய இடத்தின் குறுக்குப் பரப்பு. சிறு பிளாக் செவ்ரோலெ (350 சேர்ந்த எஞ்சின் குடும்பம்) ஹெட்டில் அது பெரும்பாலும் புஷ்ராடு (கேமின் அசைவை ராக்கருக்குக் கடத்தும் தண்டு) கடந்து செல்லும் இடத்தில், போர்ட்டின் வாய்க்குச் சற்று உள்ளே இருக்கும். போரின் வர்க்கத்தை ஸ்ட்ரோக்காலும் சுற்று எண்ணாலும் பெருக்கி, 0.00353ஆல் பெருக்கி, 613.8ஆல் வகுத்தால், அந்தச் சுற்றில் மூச்சுத் திணறாமல் இருக்கத் தேவையான குறைந்தபட்சப் பரப்பு சதுர அங்குலத்தில் வரும். உங்கள் எஞ்சினின் போர் 4.030 அங்குலம், ஸ்ட்ரோக் 3.48 அங்குலம், 6000 சுற்றுக்கு விடை 1.95 சதுர அங்குலம். 5500 சுற்றுக்கு 1.79 போதும். நல்ல 180 சிசி ஹெட்டுகள் இந்த எல்லையை ஒட்டியே அமைகின்றன. ஒடுங்கிய இடம் 2.2 சதுர அங்குலம் உள்ள பெரிய ஹெட்டோ 6700 சுற்றுக்கு மேல் போகும் எஞ்சினை எதிர்பார்த்து வடிக்கப்பட்டது. கடைக்காரரிடம் கொள்ளளவை மட்டும் கேட்காமல் இந்தப் பரப்பையும் கேளுங்கள்; தயாரிப்பாளர்கள் பலர் தருகிறார்கள்.

காற்றோட்ட அட்டவணையைப் படிப்பதிலும் கவனம் தேவை. பெரும்பாலான விளம்பரங்கள் 0.600 அங்குல லிஃப்டில் (வால்வு திறக்கும் உயரம்) கிடைக்கும் எண்ணையே பெரிய எழுத்தில் போடுகின்றன. தங்களுக்குப் பொருந்தும் கேமில் வால்வு 0.480 அங்குலத்தைத் தாண்டப் போவதில்லை, அப்படியிருக்க 0.600இல் கிடைப்பதைப் பற்றி நமக்கு என்ன? அதோடு, வால்வு தன் உச்ச லிஃப்டை ஒரு சுழற்சியில் ஒரு முறைதான் தொடுகிறது, 0.200, 0.300 அங்குலங்களைத் திறக்கும்போது ஒரு முறையும் மூடும்போது ஒரு முறையும் கடக்கிறது. ஆகவே 0.200 முதல் 0.450 வரையுள்ள எண்களை அருகருகே வைத்து ஒப்பிடுங்கள். சோதனை 28 அங்குல அழுத்தத்தில்தான் நடந்ததா, எத்தனை அங்குல போர் மீது வைத்து அளந்தார்கள், எக்ஸாஸ்ட் பக்கம் குழாய் மாட்டி அளந்தார்களா என்பனவும் முக்கியம். 4.125 அங்குல போரில் அளந்த எண் உங்கள் 4.030 அங்குல போரில் கிடைக்காது; வால்வின் விளிம்பு சிலிண்டர் சுவரை நெருங்கும்போது காற்று தடைபடுகிறது. எக்ஸாஸ்ட் காற்றோட்டம் இன்டேக்கின் முக்கால் பங்கு இருந்தால் நிறைவாகக் கருதலாம்.

இனி எரியறைக்கு வருகிறேன். என் கருத்தில், உங்கள் எஞ்சினில் போர்ட்டைவிட இதுவே பெரிய வேறுபாட்டைக் கொண்டுவரப் போகிறது. 1971 முதல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் எஞ்சின்களைக் குறைந்த ஆக்டேன் உள்ள, ஈயம் கலவாத பெட்ரோலுக்கு ஏற்பக் கம்ப்ரெஷன் குறைத்துத் தயாரித்தது. உங்கள் காரில் வந்த ஹெட்டின் பெரிய எரியறைக்கு அதுவே காரணம். அந்த ஆண்டுகளின் ஹெட்டுகள் பெரும்பாலும் 75, 76 சிசி அளவில் இருக்கும்.

கணக்கைப் பாருங்கள். உங்கள் ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 727 சிசி. 0.041 அங்குலத் தடிமனுள்ள வழக்கமான கேஸ்கெட் 9 சிசி எடுத்துக்கொள்ளும். பிஸ்டன் தலையின் வால்வுப் பள்ளங்கள் 5 சிசி. டெக்குக்குக் கீழே நிற்கும் 0.025 அங்குல இடைவெளி இன்னும் 5 சிசி. இவற்றோடு 76 சிசி எரியறையைச் சேர்த்தால் கம்ப்ரெஷன் 8.6க்கு 1. அதே எஞ்சினில் 64 சிசி எரியறை வைத்தால் 9.7க்கு 1 ஆகிறது. ஒரு புள்ளி கூடினால் குதிரைத்திறன் சுமார் 3 முதல் 4 விழுக்காடு கூடும் என்பது பொதுவான அனுபவம். அந்தக் கூடுதல் உச்ச சுற்றில் மட்டுமன்றி, ஐடிலிலிருந்தே எல்லாச் சுற்றிலும் கிடைக்கும். கேமை மாற்றினாலும் போர்ட்டைப் பெரிதாக்கினாலும் ஓரிடத்தில் பெற்றதை இன்னோரிடத்தில் இழக்கிறோம். கம்ப்ரெஷனில், பெட்ரோல் தாங்கும் எல்லைவரை, அந்த இழப்பு இல்லை.

ஆனால் 0.025 அங்குல டெக் இடைவெளி எனக்கு உறுத்துகிறது. பிஸ்டனின் தட்டையான பகுதிக்கும் ஹெட்டின் தட்டையான பகுதிக்கும் நடுவே உள்ள தூரம், கேஸ்கெட்டையும் சேர்த்து, இப்போது 0.066 அங்குலம். அது 0.035 முதல் 0.045 வரை இருந்தால், பிஸ்டன் மேலே வரும் கடைசிக் கணத்தில் அங்கு சிக்கும் கலவை நசுங்கி ஸ்பார்க் பிளக் பக்கம் சீறிப் பாயும். கலவை நன்றாகக் கலந்து விரைவாக எரியும். ஓரத்தில் தங்கித் தானாக வெடிப்பதற்குக் கலவையே மிஞ்சாது. நாக்கிங் எனப்படும் தட்டல் குறைவதற்கு இதைவிட எளிய வழி இல்லை. உங்கள் பிளாக்கின் டெக்கில் 0.020 அங்குலம் எடுத்தால் இடைவெளி 0.046க்கு வரும், கம்ப்ரெஷன் 10.2 ஆகும். எஞ்சின் இப்போது பிரிந்துதான் இருக்கிறது என்பதால், ஹெட் வாங்கும் முன்பே இந்த வேலையை முடித்துவிடுங்கள். மெல்லிய இரும்புத் தகடு கேஸ்கெட் போட்டு இதைச் சரிக்கட்டலாம் என்று சிலர் சொல்வார்கள். அலுமினியம் ஹெட்டோடு அதை நான் பரிந்துரைப்பதில்லை.

10.2 என்ற விகிதத்தை, டெக்சஸ் வெயிலில், ஏசியும் ஓடும் காரில், அலுமினியம் ஹெட்டோடு, அங்கு கிடைக்கும் 93 ஆக்டேன் பெட்ரோல் தாங்கும். வார்ப்பிரும்பு ஹெட்டானால் 9.5 அளவில் நிறுத்திக்கொள்வதே பத்திரம். அலுமினியம் வெப்பத்தை விரைவாகக் கடத்திவிடுவதால் அரைப் புள்ளி முதல் ஒரு புள்ளிவரை கூடுதலாக அனுமதிக்கிறது. அதே வெப்பக் கடத்தலால் சிறிது திறனையும் இழக்கிறது என்பதால், அந்தக் கூடுதல் கம்ப்ரெஷனைப் பயன்படுத்திக்கொண்டால்தான் அலுமினியத்துக்குக் கொடுத்த விலை முழுதாகப் பயன்படும். ஜோடிக்குச் சுமார் 40 பவுண்டு எடை குறைவது முன் சக்கரங்களுக்கு நல்லது. பிளக் துளையின் மரை கெட்டுப்போனாலோ, எரியறையின் ஓரம் அடிபட்டாலோ சரிசெய்யவும் அலுமினியம் எளிது.

டபுள் ஹம்ப் ஹெட்டை ஏன் விடச் சொல்கிறேன் என்று கேட்பீர்கள். 461, 186, 291 போன்ற வார்ப்பு எண்களோடு வந்த அந்த ஹெட்டுகள் தம் காலத்தில் மிகச் சிறந்தவை, 64 சிசி எரியறை உண்டு, சிலவற்றில் 2.02 வால்வும் உண்டு. கார்வெட்டில் 1970இல் வந்த எல்டி-1 எஞ்சின் 370 குதிரைத்திறன் என்று அறிவிக்கப்பட்டதும் அந்தக் குடும்பத்து ஹெட்டோடுதான். ஆனால் அவை ஈயம் கலந்த பெட்ரோலுக்காக வடிக்கப்பட்டவை. எக்ஸாஸ்ட் சீட்டுக்குக் கடினப்படுத்திய வளையம் போட வேண்டும். வால்வுத் தண்டு ஓடும் கைடுகளை மாற்ற வேண்டும். அழுத்திச் செருகிய ராக்கர் ஸ்டட்டுகளை நீக்கி மரையிட்ட ஸ்டட்டு போட வேண்டும். வால்வுகளும் ஸ்பிரிங்குகளும் புதிதாக வேண்டும். விரிசல் சோதனையும் வேண்டும். இத்தனைக்கும் ஆகும் கூலியைக் கூட்டினால் புது அலுமினியம் ஹெட்டின் விலையை நெருங்கிவிடும். அதன் பிறகும் போர்ட்டின் வடிவம் பழையதுதான். பழமை மாறாமல் கார்வெட்டையோ கமாரோவையோ மீட்டெடுப்பவருக்கு அந்த ஹெட் அவசியம். அவர் கைக்குப் போகட்டும். இன்னொன்றும் கவனியுங்கள். 1969க்கு முந்தைய ஹெட்டுகளில் ஆல்டர்னேட்டர், ஏசி கம்ப்ரெஸர் பிராக்கெட்டுகளைப் பிடிக்கும் துளைகள் ஹெட்டின் முனையில் இருக்காது. உங்கள் 1972 காரின் பிராக்கெட்டுகளுக்கு அந்தத் துளைகள் தேவை.

வோர்டெக் ஹெட் பற்றி எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. 1996 முதல் 2000 வரை செவ்ரோலெ, ஜிஎம்சி லாரிகளின் 5.7 லிட்டர் எஞ்சினில் வந்தது. 906 அல்லது 062 என்று முடியும் வார்ப்பு எண் இருக்கும். 64 சிசி எரியறை, சுமார் 170 சிசி போர்ட், 1.94 அங்குல இன்டேக் வால்வு. கலவை விரைவாக எரியும்படி எரியறை சிறப்பாக வடிவமைக்கப்பட்டிருப்பதால் பழைய ஹெட்டுகளைவிடக் குறைந்த ஸ்பார்க் முன்னேற்றமே போதுமானது. தங்கள் 375 இலக்கை இதுவும் எட்டும். ஆனால் வாங்குமுன் நிபந்தனைகள் உண்டு. வார்ப்பு மெல்லியது, அதிகமாகச் சூடேறிய ஹெட்டுகளில் வால்வு சீட்டுகளின் அருகே நுண்ணிய விரிசல் வருவது வழக்கம் என்பதால், மெஷின் ஷாப்பில் காந்தத் துகள் சோதனையும் நீர் அழுத்தச் சோதனையும் செய்யாத ஹெட்டுக்குப் பணம் கொடுக்காதீர்கள். நிறுவனம் பொருத்திய நிலையில் 0.470 அங்குல லிஃப்டுக்கு மேல் போனால் ரிடெய்னர் (ஸ்பிரிங்கைப் பிடிக்கும் மேல்தட்டு) போய் வால்வு சீலில் இடித்துவிடும். கைடின் மேல்பகுதியைக் கடைந்து குறைத்து, ஸ்பிரிங்கையும் மாற்ற வேண்டும். இன்டேக் மேனிஃபோல்டு எட்டே போல்ட்டுகளோடு நேர்குத்தாகப் பிடிக்கும் தனி வகை. உங்களிடம் உள்ள பன்னிரண்டு போல்ட்டு மேனிஃபோல்டு அதில் உட்காராது. வால்வு கவரும் நடுவில் போல்ட்டு உள்ள வகை. ராக்கர் ஆர்மும் தானே வால்வில் நிலைபெறும் வகை; அதோடு புஷ்ராடு கைடு தகட்டைச் சேர்த்துப் போட்டால் இரண்டும் ஒன்றையொன்று இழுத்துத் தேய்ந்துவிடும். இந்த மாற்றங்களையெல்லாம் விலையில் கூட்டிய பிறகும் மலிவாக இருந்தால் தயங்காமல் எடுங்கள். அப்போது கம்ப்ரெஷன் கணக்கை மட்டும் 9.5 அளவுக்குள் திருத்திக்கொள்ள வேண்டும்.

அலுமினியத்தில் எது என்று பெயர் சொல்லிக் கேட்டால், எடெல்பிராக் பெர்ஃபார்மர் ஆர்பிஎம் வரிசையின் 170 சிசி ஹெட்டும் ஏஎஃப்ஆர் நிறுவனத்தின் 180 சிசி ஹெட்டும் நான் சொல்லும் அளவுக்குள் வருகின்றன. இரண்டும் உங்கள் வழக்கமான மேனிஃபோல்டை ஏற்கும். நாளை ஸ்ட்ரோக்கைக் கூட்டி 383 கன அங்குலமாக்கும் எண்ணம் உண்மையாகவே இருந்தால் மட்டும் 195 சிசிக்குப் போங்கள். எண்ணம் இல்லையென்றால் ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று பெரிதை வாங்க வேண்டாம். சந்தையில் கிடைக்கும் சில ஹெட்டுகளில் 400 எஞ்சினுக்கான நீராவித் துளைகள் பற்றிக் குறிப்பு இருக்கும். அது ஒட்டிய சிலிண்டர்கள் கொண்ட 400க்கு மட்டும் உரியது, உங்களுக்குத் தேவையில்லை. ஸ்பார்க் பிளக் நேராக நிற்பதா சாய்ந்து நிற்பதா என்பதை மட்டும் உங்கள் ஹெடர் குழாயோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு ஆர்டர் கொடுங்கள். குழாயில் உரசும் பிளக் வயர் எரிந்துபோவதைப் பலர் பிறகுதான் கவனிக்கிறார்கள்.

ஹெட்டையும் கேமையும் தனித்தனியே தேர்ந்தெடுக்கக் கூடாது. 0.050 லிஃப்டில் 218 முதல் 224 டிகிரி, லிஃப்ட் 0.460 முதல் 0.480 அங்குலம், லோப் இடைவெளி (இன்டேக், எக்ஸாஸ்ட் லோப்களின் நடுவே உள்ள கோணம்) 110 முதல் 112 டிகிரி என்ற அளவில் உள்ள ஹைட்ராலிக் கேம் இந்த ஹெட்டோடு நன்றாகச் சேரும். ஐடிலில் பவர் பிரேக்குக்கு வேண்டிய வேக்குவமும் இருக்கும். உங்கள் பிளாக் 1987க்கு முந்தையது என்பதால் ரோலர் லிஃப்டர் (கேம் மீது உருளும் வகை) போட விரும்பினால் இணைப்புப் பட்டை கொண்ட மாற்று வகையைத்தான் வாங்க வேண்டும். தட்டை லிஃப்டரா ரோலரா என்று முடிவு செய்த பிறகே ஹெட் ஆர்டர் செய்யுங்கள், ஏனெனில் ஸ்பிரிங் அதைப் பொறுத்தது. தட்டை லிஃப்டருக்கு வால்வு மூடிய நிலையில் 110 முதல் 120 பவுண்டு, ரோலருக்கு 130 முதல் 150 பவுண்டு வரை அழுத்தம் வழக்கம். ரோலருக்கான ஸ்பிரிங்கோடு வந்த ஹெட்டைத் தட்டை லிஃப்டர் மீது ஏற்றினால் கேமின் லோப் சில நிமிடங்களிலேயே தேய்ந்து போகக்கூடும்.

புத்தம் புது ஹெட்டையும் பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே மாட்டாதீர்கள். ஒரு மெஷின் ஷாப்பில் கொடுத்து வால்வு சீட்டு கசிவின்றி உட்காருகிறதா, கைடில் வால்வுத் தண்டின் இடைவெளி சரியா, ஸ்பிரிங் உயரம் பதினாறிலும் ஒன்றாக இருக்கிறதா, எரியறை சொன்ன அளவில்தான் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஸ்பிரிங் முழு லிஃப்டில் நெருங்கும்போது சுருள்கள் ஒன்றோடொன்று முட்டுவதற்கு முன் 0.060 அங்குலமும், ரிடெய்னருக்கும் சீலுக்கும் நடுவே 0.050 அங்குலமும் மிச்சம் இருக்க வேண்டும்.

நீங்களே பொருத்தலாமா என்ற கேள்விக்கு, பிளாக்கின் அளவுகளை இவ்வளவு துல்லியமாக எடுத்திருப்பவர் தாராளமாகப் பொருத்தலாம் என்பதே என் பதில். முதலில் ஒரு சிலிண்டரின் பிஸ்டன் மீது களிமண் வைத்து, ஹெட்டைத் தற்காலிகமாக மாட்டி, எஞ்சினைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுழற்றி, களிமண்ணின் மெல்லிய இடத்தை அளந்து பாருங்கள், இன்டேக்குக்கு 0.080, எக்ஸாஸ்டுக்கு 0.100 அங்குலம் குறையாமல் இருக்க வேண்டும். டெக்கில் 0.020 எடுத்த பிறகு இந்தச் சோதனை கட்டாயம். பழைய புஷ்ராடுகளைத் திரும்பப் பயன்படுத்த வேண்டாம். புது ஹெட்டில் வால்வின் நீளமும் டெக்கின் உயரமும் மாறியிருப்பதால், நீளம் கூட்டிக் குறைக்கும் சோதனைப் புஷ்ராடு ஒன்றை வாங்கி, ராக்கரின் முனை வால்வுத் தண்டின் நுனியின் நடுவில் ஒடுங்கிய கோடாகத் தேய்க்கும் நீளத்தைக் கண்டுபிடித்து, அந்த நீளத்தில் கடினப்படுத்திய புஷ்ராடுகளை வாங்குங்கள்.

ஒரு பக்கத்துக்குப் பதினேழு ஹெட் போல்ட்டுகள். சிறு பிளாக்கில் அவையெல்லாம் தண்ணீர் ஓடும் அறைக்குள் இறங்குகின்றன. மரையில் சீலண்ட் தடவாமல் இறுக்கினால் கூலன்ட் மரை வழியே ஏறி வந்து ஆயிலில் கலக்கும். அலுமினியம் ஹெட்டுக்குப் போல்ட் தலைக்கு அடியில் கடினமான வாஷர் வேண்டும். நடுவிலிருந்து வெளியே செல்லும் வரிசையில் மூன்று கட்டமாக 65 பவுண்டு-அடிவரை இறுக்குங்கள். ஹெட் தயாரிப்பாளர் வேறு எண் கொடுத்திருந்தால் அதுவே இறுதி. தட்டை லிஃப்டர் கேமானால், துத்தநாகம் சேர்த்த ஆயில் ஊற்றி, எஞ்சின் உயிர் பெற்றவுடனே ஐடிலில் விடாமல் 2000 சுற்றுக்கு ஏற்றி, இருபது முதல் முப்பது நிமிடங்கள் ஓட்டுங்கள். கூலன்ட் அளவையும் ஆயில் அழுத்தத்தையும் பார்க்க அந்நேரம் பக்கத்தில் இன்னொருவர் இருக்கட்டும்.

220 சிசி ஹெட்டுக்கு ஒதுக்கிய பணத்தில் மீதி வருமானால், அதை 2200 சுற்று அளவில் பிடிக்கும் கன்வெர்ட்டருக்கும் 3.42 அல்லது 3.55 ஆக்சில் கியருக்கும் செலவிடுங்கள். 3.55 போட்டால் 65 மைல் வேகத்தில் சுமார் 3000 சுற்று ஆகும். தினமும் நெடுஞ்சாலையில் போவதென்றால் 3.42 போதும். பிளாக்கை டெக் செய்த பிறகு நான்கு மூலைச் சிலிண்டர்களிலும் பிஸ்டன் நிற்கும் ஆழத்தைத் திரும்ப அளந்து எழுதுங்கள். அந்த எண்களை வைத்து கேஸ்கெட் தடிமனை முடிவு செய்துகொள்ளலாம்.